ஒரு முழு நிமிடம்

பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும்.
அறுபத்து நாலு கட்டிலுக்கு ரெண்டு பேர் நிற்கிற ராத்திரியில்
எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறோம்.
இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் அது செல்லாது.
ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து
வாட்ச் முள்ளைப் பார்த்து
ஒரு முழு நிமிடம்.

கட்டில் பதினொன்று. ஒச்சப்பன், ஐம்பத்தெட்டு,
கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் மூட்டை இறக்கியவர்.
ஜன்னலுக்கு வெளியே பனகல் ரோட்டில்
ஆரப்பாளையம் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடிக்க
இருபத்தேழில் எண்ணிக்கை தப்பிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து.

ஐம்பது.
அதிலும் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளி.

"சாப்பிட்டீங்களா?"
"எறங்கல தாயி. கொமட்டுது."
பிறகு, நான் கேட்காமலே:
"லைட்ட மாத்திட்டீங்களா? எல்லாம்
மஞ்சத்தண்ணி தெளிச்ச கணக்கா இருக்கு."
ட்யூப் லைட் வெள்ளையாகத்தான் எரிந்தது.

மகன் செல்வக்காளை,
"எழுதியிருக்குல்ல சிஸ்டர், குடுத்துருங்க.
ஒரு வேளை தவறுனாலும் மூச்சு வாங்கும் அவருக்கு."
அதுவும் உண்மைதான்.
மாத்திரை என் உள்ளங்கையில் மூடிக்குள் இருந்தது,
எள்ளை விடக் கொஞ்சம் பெரிது.

நோயின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
எண்ணைச் சொல்லலாம். நிறத்தைச் சொல்லலாம்.
போனில் அதைத்தான் சொன்னேன்:
ஐம்பது, குமட்டல், மஞ்சள்.
கேஷுவால்டி இரைச்சலுக்குள்ளிருந்து ஹவுஸ் சர்ஜன் இன்பசேகர்,
"சீஃப் எழுதினது சிஸ்டர். குடுத்திடுங்க, காலைல பாக்கலாம்."
"நிறுத்தி வச்சிருக்கேன் சார்.
நீங்க வந்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க."
போனை வைத்த பிறகுதான் முழங்கால் நடுங்கியது.

வந்தார். சட்டையில் யாருடைய ரத்தமோ.
அவர் நெஞ்சை எண்ண, நான் அவர் உதட்டை எண்ணினேன்.
ஈசிஜி என்றார். பொட்டாசியத்துக்கு ரத்தம் என்றார்.
சார்ட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

இதோடு முடிந்திருந்தால்
வீட்டில் சொல்லிப் பெருமைப்படுகிற கதை.

"எத்தனை நாளாக் குடுக்குறோம்?"
போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்.
பழைய தாளைப் புரட்டினேன்.
வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு வேண்டாம்,
சீஃப் கையெழுத்து தெளிவாகவே இருந்தது.
தாள் நிறைந்ததும் புதுத்தாளில் எடுத்தெழுதியவர்
மாத்திரையை எழுதியிருக்கிறார், அளவை எழுதியிருக்கிறார்,
ஐந்து நாளை எழுதவில்லை.
தேதியில் ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.
இந்த வார்டில் ஏழை அப்படி எழுதுவது
நான் ஒருத்திதான்.

மணி ரெண்டே கால்.
செல்வக்காளை என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தான்,
கட்டிலுக்கடியில், லுங்கியை இழுத்துப் போர்த்தி.
பழைய தாள் ஒற்றை நூலில் தொங்கியது.
லேசாக இழுத்தால் வந்துவிடும்.
இழுக்கவில்லை என்று இப்போது எழுதுவது சுலபம்.
விரல் நூலின் மேல்தான் இருந்தது.
எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை.

பிழையை எழுதும் படிவம் வார்டில் தீர்ந்து போயிருந்தது.
வெள்ளைத்தாள் எடுத்தேன்.
'எடுத்தெழுதும்போது விடுபட்டது' என்று ஆரம்பித்தேன்.
தானாக எதுவும் விடுபடாது.
அடித்துவிட்டு 'விட்டுவிட்டேன்' என்று எழுதினேன்.
கீழே பெயர், தேதி.
அதே ஏழு.

காலையில் ஜெசிந்தா சிஸ்டர் வாங்கிப் படித்தார்.
மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார்.
"டீ குடிச்சியா?" என்றார்.

டியூட்டி முடிந்திருந்தது. பதினொன்றுக்குத் திரும்பப் போனேன்.
"நேத்தே எண்ணிட்டீகளே தாயி" என்றார் ஒச்சப்பன்,
சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.
அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.
முதலில் எண்ணினேன்.